சுவரில் சாயாத முதுகு

தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அடுப்படி வேலை முடிந்ததும் வாசல் நடையில் வந்து உட்காருவார்கள். முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி, தட்டை மடியில் வைத்துக்கொண்டால் பொழுது சாயும்வரை எழ மாட்டார்கள். வாய் பக்கத்து வீட்டுக் கதையைப் பேசிக்கொண்டிருக்கும். கை இலையில் தூளை வைத்து உருட்டி நூலைச் சுற்றிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க அவர்களைத் தாங்குவது அந்தச் சுவர்தான்.

1998 மாசி மாதம் என் புறநோயாளிப் பிரிவுக்கு வந்த ஆச்சிக்கு அந்தச் சுவர் 18 வருஷமாக இல்லை.

தாலுகா ஆஸ்பத்திரி ஒன்றில் நான் அறுவை மருத்துவராக இருந்த காலம். ஆச்சிக்கு அறுபதை ஒட்டிய வயது. அந்த வெயிலிலும் முந்தானையை முதுகைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தார். சிஸ்டர் மெதுவாக விலக்கினார். இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு சின்னப் பூசணிக்காய் அளவுக்குக் கட்டி தொங்கியது. ரவிக்கையின் முதுகுப் பக்கத்தைக் கட்டிக்கு வழிவிட்டு வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்திருந்தார். சீரான, நெருக்கமான கைத்தையல். கட்டியின் உச்சியில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் புண்ணாகி நீர் வடிந்தது. அதன்மேல் சங்கரன்கோவில் புற்றுமண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எத்தனை வருஷமா இருக்கு ஆச்சி?"

"எம் மூத்தவளைக் கட்டிக் குடுத்த வருஷம் எலுமிச்சங்காய் கணக்கா இருந்துச்சு அய்யா. இப்ப அவ மவளுக்கு மாப்பிள்ளை பாக்கோம்."

"வலிச்சதா?"

"ஒண்ணும் செய்யல பாத்துக்கிடுங்க. புண்ணு வந்து, ஈ மொய்க்க ஆரம்பிச்சதுலதான் வந்தேன். கத்தி பட்டா புத்துநோயா மாறிரும்னு சொல்லுதாவ. அதான் இத்தன நாளும் வரல."

அந்தக் கடைசி வாக்கியத்தை என் 30 வருஷ வேலையில் எத்தனை வாய்களில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சொன்னவர்கள் யாரையும் நான் கேலி செய்ததில்லை. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். புற்றுநோய் முற்றிய பிறகு கத்தியிடம் வந்தவர்கள், அறுவைக்குப் பிறகும் பிழைக்கவில்லை. ஊர் கண்டது கத்தியையும் சாவையும்தான். உள்ளே முன்பே பரவியிருந்ததை ஊர் பார்க்க வழியில்லை. கண்ணால் கண்டதை வைத்துச் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்து, புற்றே இல்லாத கட்டிகளையும் ஆயிரக்கணக்கானோர் சுமந்து திரிந்தார்கள்.

கட்டியைச் சோதிப்பதில் முதல் கருவி விரல்தான். கையை ஒரு நிமிஷம் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, நான்கு விரல்களையும் கட்டியின் ஓரத்தில் வைத்து அழுத்தினேன். பிசைந்த மாவின் பதம். ஓரம் விரலுக்கடியில் நிற்காமல் மீன்போல் நழுவியது. தோலோடு ஒட்டவில்லை. "ரெண்டு கையையும் இடுப்பில ஊன்றி நல்லா அழுத்துங்க ஆச்சி" என்றேன். முதுகுத் தசை இறுகியபோதும் கட்டி அதன்மேல் தாராளமாக நகர்ந்தது. தசைக்குள் இறங்கியிருந்தால் அப்படி நகராது. அக்குளில் நெறி கட்டியிருக்கவில்லை. உடம்பில் வேறு கட்டிகளோ, பால்காப்பி நிறத் திட்டுகளோ இருக்கின்றனவா என்று சிஸ்டரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இல்லை.

எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டின. லைப்போமா, எங்கள் ஊர்ச் சொல்லில் கொழுப்புக் கட்டி. அறுவை நூல்கள் குறுக்கே 10 சென்டிமீட்டரைத் தொட்டாலோ, ஒரு கிலோ எடை வந்தாலோ அதை ராட்சத லைப்போமா என்று சொல்லும். ஆச்சியுடையது நீளவாட்டில் 22 சென்டிமீட்டர். கொழுப்புக் கட்டி என்று எவரோ சொன்னதைக் கேட்டு, தேங்காயும் எண்ணெயும் சேர்க்காமல் மூன்று வருஷம் வாயைக் கட்டியிருந்தார். உடம்பு இளைத்ததே ஒழிய கட்டி இளைக்கவில்லை. அந்தக் கட்டியின் குணம் அது. பட்டினி கிடந்தால் உடம்பு தன் கொழுப்பையெல்லாம் எடுத்துச் செலவழிக்கும். கட்டியில் இருக்கும் கொழுப்பைத் தொடாது.

விரல் சொன்னதை நம்பி அப்படியே கத்தியை எடுத்திருக்கலாம். ஏழு வருஷத்துக்கு முன்னால் எடுத்திருப்பேன். இந்த முறை மெல்லிய ஊசியால் கட்டியில் நான்கு இடங்களில் குத்திச் செல்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தேய்த்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். புண்ணின் ஓரத்திலிருந்து நகக்கண் அளவுக்குச் சதை எடுத்து பயாப்சிக்கும் அனுப்பினேன். ஸ்கேன் எடுக்கத் திருநெல்வேலிக்கு அனுப்பினேன். ஆச்சியின் மருமகன், "சாதாரணக் கட்டின்னு நீங்களே சொல்லுதிய, பொறவு எதுக்கு சார் இத்தன அலைச்சல்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த அலைச்சலுக்குப் பின்னால் இரண்டு மனிதர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி அன்று அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலாமவர் ஒரு லாரி ஓட்டுநர். 1991இல் தொடையில் ஒரு கட்டியோடு வந்தார். வலியில்லை. மாங்காய் அளவு. கொஞ்சம் ஆழத்தில் இருந்தது. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டு, முக்கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். வெட்டிப் பார்த்தபோது மஞ்சளாக, கொழுப்பாகத்தான் தெரிந்தது. அன்று ஃபார்மலின் தீர்ந்திருந்தது. கல்லூரிக்குப் போகும் ஆளும் வரவில்லை. "கொழுப்புதானே" என்று வாளியில் போடச் சொன்னேன். போட்டார்கள்.

பதினோரு மாதம் கழித்து அவர் திரும்ப வந்தார். அதே தழும்புக்கடியில் கட்டி, இந்த முறை கல்லுபோல. சதை எடுத்து அனுப்பினேன். கொழுப்புத் திசுவில் வரும் புற்று என்று ரிப்போர்ட் வந்தது. லைப்போமா புற்றாக மாறுவது என்பது ஏறக்குறைய இல்லை. புற்றே தொடக்கம் முதல் லைப்போமாவின் வேடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான். நுண்ணோக்கிதான் பிரித்துச் சொல்லும்.

ரிப்போர்ட்டை விளக்கி முடித்ததும் அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அன்னைக்கு எடுத்தது என்ன ஆச்சு சார்?"

குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. "சோதனைக்கு அனுப்பியிருக்கணும், அனுப்பல. தப்பு என்னுடையது" என்று சொன்னேன். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். அங்கே காலைக் காப்பாற்றினார்கள். தொடைத் தசையில் பெரும் பகுதியைக் காப்பாற்ற முடியவில்லை. அதன்பின் அவர் லாரி ஏறவில்லை. ஒவ்வொரு வருஷமும் சென்னையில் சோதனைக்குப் போய்வந்து, வழியில் என்னையும் பார்த்துவிட்டுப் போவார். இழுத்து இழுத்து அவர் நடந்துவரும் ஓசையைக் கேட்கும்போதெல்லாம் அந்த வாளி என் கண்ணில் வரும். அன்றிலிருந்து என் கத்தி எடுத்த எதுவும், கடுகளவு மருவாக இருந்தாலும், சோதனைக்குப் போகாமல் இருந்ததில்லை.

இரண்டாமவரை நான் மேற்படிப்பு படித்தபோது பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். இடுப்பின் பக்கவாட்டிலிருந்து தொடைவரை மடிப்பு மடிப்பாகச் சதை தொங்கியது. வேட்டியை அதன்மேல் சுற்றிக் கட்டியிருந்தார். தொட்டால் உள்ளே மண்புழுக்கள் நிறைந்த பை மாதிரி நெளிந்தது. உடம்பெங்கும் சின்னச் சின்ன முண்டுகள். விரலால் அழுத்தினால் சட்டைப் பித்தான் துளைக்குள் போவதுபோல் உள்ளே போகும். நெஞ்சிலும் முதுகிலும் பால்காப்பி நிறத் திட்டுகள். நியூரோஃபைப்ரோமா, நரம்பு உறையில் வளரும் கட்டி. ஜெர்மானிய மருத்துவர் ரெக்லிங்ஹவுசன் 1882இல் இந்த நோயை விரிவாக எழுதிவைத்தார். பதினேழாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதாவதால் வருவது. ஏறத்தாழ 3000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பாதிப் பேருக்குப் பெற்றோர் வழியாக வரும். மீதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வரும். அவருக்கு அப்படிப் புதிதாக வந்தது. ஊரில் அதற்குச் சாபம் என்று பெயர். அவர் அம்மா அந்தச் சாபத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, நாற்பது வருஷமாகக் கோயில் கோயிலாக மண்சோறு சாப்பிட்டுவந்தார்.

அறுவையின்போது உதவிக்கு நின்றவர்களில் நானும் ஒருவன். தோலைத் திறந்ததும் இரத்தம் கொட்டவில்லை, ஊறியது. நனைந்த கடற்பஞ்சைப் பிழிந்ததுபோல் எல்லாப் பக்கமிருந்தும் ஊறியது. இரத்தக் குழாயை இடுக்கியால் பிடித்தால், இடுக்கியோடு பிய்ந்து வந்தது. அந்தக் கட்டிக்குள் ஓடும் குழாய்களின் சுவர் அவ்வளவு மெலிந்திருக்கும். நான்கு பாட்டில் இரத்தம் ஏற்றிய பிறகு, மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துவிட்டு, துணியை அடைத்து அழுத்தி மூடினோம். அவர் பிழைத்துக்கொண்டார். மீதியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்த நோய்க்கு அன்று மருந்து எதுவும் கிடையாது. அறுவைக்கு எட்டாத இடத்தில் இத்தகைய கட்டி உள்ள குழந்தைகளுக்கு, அதைச் சுருக்கும் செலுமெட்டினிப் என்ற மருந்துக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் நினைத்தது அந்த அம்மாவைத்தான். மகனின் நோய்க்குத் தான் காரணமில்லை என்று கடைசிவரை அவரிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வெளிப்பார்வைக்குப் பெரிய கட்டிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே ஒன்று வெறும் கொழுப்பாக இருக்கும், ஒன்று புற்றாக இருக்கும், ஒன்று இரத்தக் காடாக இருக்கும். எது என்று தெரியாமல் கத்தி வைக்கக்கூடாது. ஆச்சியின் மருமகனை அலையவிட்டது இதற்காகத்தான்.

ரிப்போர்ட்டுகள் வந்தன. முதிர்ந்த கொழுப்பு செல்கள். புண்ணில் புற்று இல்லை. கட்டி தசைக்கு வெளியே. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலிருந்து மயக்க மருந்து டாக்டர் வரும் வியாழக்கிழமைக்கு நாள் குறித்தோம். மருமகனும் பேரனும் இரத்தம் கொடுத்தார்கள். ஆச்சிக்கு அது தேவைப்படவில்லை.

மூச்சுக்குழாயில் டியூப் போட்டு மயக்கி, குப்புறப் படுக்கவைத்தோம். இவ்வளவு பெரிய கட்டியை எடுத்துவிட்டால் மேலே இழுபட்டிருந்த தோல் தொளதொளவென்று நிற்கும். அதனால் புண் உள்ள பகுதி நடுவில் வரும்படி, இலை வடிவில் தோலோடு சேர்த்து வெட்ட வேண்டும். தோலின் இழை ஓடும் திசையோடு வெட்டினால் தழும்பு மெலிதாக ஆறும். வியன்னாவின் லாங்கர் 1861இல் வகுத்துக் காட்டிய கோடுகள் அவை. அதன்பின் கத்திக்கு அதிக வேலையில்லை. கட்டிக்கும் அதைச் சுற்றிய மெல்லிய உறைக்கும் வெளியே ஒரு தளம் இருக்கிறது. அந்தத் தளத்தில் விரலை நுழைத்துவிட்டால், பலாச்சுளை சடையிலிருந்து பிரிவதுபோல் பிரிந்துகொண்டே வரும். இடையிடையே கட்டிக்குச் சோறு போடும் இரத்தக் குழாய்கள் குறுக்கிடும். அவற்றை மட்டும் தேடிக் கட்டிப்போட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது. மஞ்சளாக, பளபளவென்று, கதுப்புக் கதுப்பாக.

எடுப்பதோடு வேலை முடிவதில்லை. கட்டி இருந்த இடம் ஒரு பெரிய பள்ளமாக நிற்கும். அப்படியே மூடினால் நீர் கோத்துக்கொள்ளும், சீழ் வைக்கும். தோலின் அடிப்பக்கத்தை ஆங்காங்கே தசையோடு சேர்த்துத் தைத்துப் பள்ளத்தை அடைத்து, நீரை உறிஞ்ச ஒரு குழாய் வைத்து, மேலே அழுத்திக் கட்டுப் போட்டோம்.

இவ்வளவு பெரியதை நிறுக்க தியேட்டரில் தராசு கிடையாது. சிஸ்டர் பிரசவ வார்டுக்குப் போய், பிறந்த குழந்தைக்கு எடை பார்க்கும் தராசைத் தூக்கிவந்தார். 2 கிலோ 400 கிராம். அந்த வார்டில் பல பிள்ளைகள் அந்த எடையில்தான் பிறந்தன. முள் நின்ற இடத்தைப் பார்த்து தியேட்டரில் ஒருவரும் பேசவில்லை. ஃபார்மலின் உள்ளே ஊறுவதற்காக ரொட்டித் துண்டுபோல் கட்டியை வரிவரியாக வகுந்து, மூடியுள்ள பெயின்ட் வாளியில் போட்டு, பணியாளர் ஒருவர் கையில் கொடுத்து மருத்துவக் கல்லூரிக்கு பஸ் ஏற்றினோம். வாளி பஸ் ஏறும்வரை நான் வாசலில் நின்றேன்.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்தேன். ஆச்சி கேட்டார்: "மல்லாந்து படுக்கலாமா அய்யா?"

"இன்னும் ஒரு வாரம் பொறுங்க ஆச்சி."

"பதினெட்டு வருஷம் பொறுத்தேன். ஒரு வாரம் பொறுக்க மாட்டனா?"

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தோம். மூன்று வாரம் கழித்து முழு ரிப்போர்ட் வந்தது. லைப்போமா, புற்றுக்கான அடையாளம் எந்தப் பகுதியிலும் இல்லை. அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் ஆச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

ஓய்வு பெற்ற பிறகு, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் பாதுகாத்துவரும் ஓவியத் தொகுப்பு ஒன்றைக் கணினியில் பார்த்தேன். சீனாவின் கான்டன் நகரில் 1835இல் ஆஸ்பத்திரி திறந்த பீட்டர் பார்க்கர் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர், தன்னிடம் வந்த நோயாளிகளை லாம் குவா என்ற சீன ஓவியரைக் கொண்டு வரையவைத்தார். தாடையிலிருந்து, காதடியிலிருந்து, மார்பிலிருந்து, கையிலிருந்து தலையளவு கட்டிகள் தொங்கும் மனிதர்கள். முகங்களில் அலறல் இல்லை. அமைதியாக நம்மைப் பார்க்கிறார்கள். எனக்குப் பழக்கமான பார்வை அது. முந்தானையை விலக்கிய நேரத்தில் ஆச்சியின் முகத்தில் இருந்த பார்வை. பாஸ்டனில் ஈதர் மயக்கம் கொடுத்து அறுவை செய்து காட்டியது 1846 அக்டோபரில். அதற்கு முன் பார்க்கரிடம் வந்தவர்கள் மயக்கமில்லாமல் அந்தக் கத்தியின்கீழ் படுத்தார்கள். அவர்களுடைய கட்டி வளர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அறுத்து எடுக்க அருகில் எவருமில்லை. ஆச்சிக்கு அப்படியில்லை. அவர் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டரில் ஆஸ்பத்திரி இருந்தது. மயக்க மருந்து இருந்தது. ஒரு பைசா செலவில்லை. அப்படியிருந்தும் கான்டன் ஓவியத்தில் உள்ள அளவுக்கு அவர் கட்டி வளர்ந்தது. வளர்த்தது ஊர்ப்பேச்சு தந்த பயமும், ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பீடிக் கூலி போய்விடும் என்ற கணக்கும், முதுகைத் திறந்து காட்டும் கூச்சமும்தான். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நோயாளிக்காகக் காத்திருந்த எங்களுக்கும் அதில் பங்குண்டு. ஏழு கிலோமீட்டர் நாங்கள் போயிருக்கலாம்.

பிறகு போனோம். அடுத்த வருஷம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டோம். ஒளித்து வைத்திருந்த கட்டிகளோடு பெண்கள்தான் அதிகம் வந்தார்கள். கல்யாணமாகாத ஒரு பெண், தொடையின் உள்பக்கம் காம்போடு தொங்கிய பாலுண்ணியை அம்மாவுக்கும் காட்டாமல் ஆறு வருஷம் வைத்திருந்தாள். குதிரை முடியால் காம்பை இறுக்கிக் கட்டியிருந்தாள். சின்ன மரு அதில் விழக்கூடும்; அவளுடையது கொய்யாப்பழ அளவு. பாதி அழுகி நாற்றமெடுத்திருந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டு, காம்பிலுள்ள இரத்தக் குழாயைக் கட்டி, இருபது நிமிஷத்தில் எடுத்தேன். அழுதுகொண்டே கேட்டாள்: "இவ்வளவுதானா சார்?" அவளை முகாமுக்குக் கூட்டிவந்தது ஆச்சி. அன்று வந்தவர்களில் பாதிப் பேர் ஆச்சியின் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

திரும்பும்போது ஆச்சியின் தெரு வழியாக வந்தோம். வாசல் நடையில், சுவரில் முதுகு முழுதும் சாய்த்து, காலை நீட்டி, மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

இதைப் படிக்கிற உங்கள் உடம்பிலோ, உங்கள் வீட்டில் முந்தானைக்கும் துண்டுக்கும் அடியிலோ ஒரு கட்டி இருந்தால், அது வலிக்கவில்லை என்பதற்காக விட்டுவைக்காதீர்கள். எலுமிச்சம்பழ அளவைத் தாண்டினாலும், வேகமாக வளர்ந்தாலும், கெட்டியாக நகராமல் இருந்தாலும், புண்ணானாலும், எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தாலும் உடனே காட்டுங்கள். எடுத்த பிறகு, "சோதனைக்கு அனுப்பினீர்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கத்தி பட்டு எந்தக் கட்டியும் புற்றாவதில்லை. தோலுக்கடியில் எலுமிச்சை அளவில் இருக்கும் சாதாரணக் கொழுப்புக் கட்டியை எடுக்க அரை மணி நேரம் போதும். அன்று மாலையே வீட்டுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்காரலாம்.